70 லட்ச ரூபாய் காருக்கு 3 லட்சம் தள்ளுபடி: இது நியாயமான விலைதானா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோவையில் இருக்கிறீர்கள். எக்ஸ் ஷோரூம் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) 70 லட்ச ரூபாய்க்கு ஒரு ஜெர்மன் எஸ்யூவி பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஷோரூமில் 3 லட்சம் தள்ளுபடி தருகிறார்கள். கொட்டேஷனில் இன்சூரன்ஸ் 3.60 லட்சம், ஆக்சஸரீஸ் கிட் 85,000, ஹேண்ட்லிங் சார்ஜ் 25,000 என்று இருக்கிறது. பழைய காருக்கு 9 லட்சம் சொல்லியிருக்கிறார்கள். ஆவணியில் வண்டி எடுக்க விரும்புகிறீர்கள். உங்கள் கேள்வி, "இன்னும் எவ்வளவு குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்?" என்பது. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: கையிலிருந்து மொத்தமாகப் போகிற பணம் இந்த வண்டிக்கு நியாயமானதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது தானாகத் தெளிந்துவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் சென்னையில் சொகுசுக் கார் விற்பனையில் பல ஆண்டுகள் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். இப்போது நிறுவனங்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் வண்டி வாங்கிக் கொடுக்கிற இந்தப் பக்கம் இருக்கிறேன். எனக்குப் பழக்கமானது 50 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி வரையான வண்டிகள். அதற்கு மேலே போகிற ஸ்போர்ட்ஸ் கார்களின் கணக்கு வேறு. அதைப் பற்றி நான் பேசவில்லை.

முதலில் யாராலும் மாற்ற முடியாத பகுதியை ஒதுக்கி வைப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் எஸ்யூவிக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 22 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 50 சதவீதம் இருந்தது. 70 லட்சத்தில் வண்டியின் அடக்கம், அதாவது வரிக்கு முந்தைய விலை, 50 லட்சம், வரி 20 லட்சம். அதே 50 லட்ச அடக்கத்துக்குப் பழைய வரியில் எக்ஸ் ஷோரூம் 75 லட்சம் வந்திருக்கும். உங்கள் நண்பர் 2024இல் வாங்கிய விலையோடு ஒப்பிட்டு "நமக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி அரசு குறைத்த வரி, ஷோரூம் கொடுத்த சலுகை அல்ல. ஒப்பிடுவதென்றால் இந்த மாதம், இதே மாடல், இதே வேரியன்ட் வாங்கியவர்களோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 20 லட்சத்துக்கு மேற்பட்ட தனிநபர் கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். உங்களுக்குச் சுமார் 14 லட்சம். இதில் பேரம் கிடையாது. புதுச்சேரியில் பதிவு செய்தால் மிச்சம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். போலி முகவரி கொடுத்துப் பதிவு செய்தவர்கள் வழக்கில் மாட்டிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அப்புறம் டிசிஎஸ், அதாவது விற்பவர் உங்களிடம் வாங்கி உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டுகிற வருமான வரி. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம், உங்களுக்கு ஏறத்தாழ 70,000. இது செலவில் சேராது. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். பலர் இதை மறந்தே போகிறார்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் வரி வரவுப் பட்டியலில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி பேசக்கூடிய பகுதி. இங்கேதான் உங்கள் கொட்டேஷன் எனக்கு உறுத்துகிறது. அதே வண்டிக்கு, அதே ஆட்-ஆன்களோடு (பாலிசியில் சேர்க்கிற கூடுதல் பாதுகாப்புகள்), வெளியே இரண்டு இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் விலை கேட்டுப் பாருங்கள். இந்த விலை வண்டிக்கு இரண்டரை லட்சத்தை ஒட்டி வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கும் 2.60 லட்சம் கிடைத்தால், இன்சூரன்ஸில் மட்டும் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். ஆக்சஸரீஸ் கிட் என்பது மிதியடி, மட் பிளாப், சாவி உறை, பெயின்ட் பாலிஷ் ஆகியவற்றின் தொகுப்பு. நீங்கள் கேட்காமல் சேர்த்தது என்றால் அந்த 85,000 உங்கள் பணம். ஹேண்ட்லிங் சார்ஜ் 25,000 எதற்கு என்று கேளுங்கள். தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வண்டி வந்து நிற்கிற செலவெல்லாம் எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். அதைத் தனியாக வாங்க எந்தச் சட்டம் அனுமதிக்கிறது என்று எழுத்தில் கேட்டால், பெரும்பாலும் அடுத்த கொட்டேஷனில் அந்த வரி இருக்காது. கூட்டிப் பாருங்கள்: ஒரு லட்சம், 85,000, 25,000. மொத்தம் 2.10 லட்சம். 3 லட்சம் கொடுத்த இடத்தில் 2.10 லட்சம் திரும்பப் போய்விட்டது. உங்கள் உண்மையான தள்ளுபடி 90,000தான்.

பழைய காரையும் இதே கண்ணோடு பாருங்கள். 9 லட்சம் என்பது சரியா என்று வண்டியைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஷோரூமில் பேசுவதற்கு முன்பே கோவையில் இரண்டு பழைய கார் வியாபாரிகளிடமும், ஆன்லைனில் வாங்குகிற ஒரு நிறுவனத்திடமும் காட்டி விலை வாங்கி வையுங்கள். வெளியே 11 லட்சம் கிடைக்கிற வண்டிக்கு 9 லட்சம் போட்டுவிட்டு, அந்த 2 லட்சத்தையே புது வண்டியில் கூடுதல் தள்ளுபடியாகக் காட்டுவது இந்தத் தொழிலில் சகஜம். புது வண்டி விலையை முழுதாகப் பேசி முடித்து, எழுதி வாங்கிய பிறகுதான் பழைய வண்டிப் பேச்சையே எடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனியாக ஒன்று சொல்வார்கள். சில திட்டங்களில் பழைய வண்டியை வெளியே விற்றுவிட்டு, பெயர் மாற்றிய ஆர்சி நகலைக் காட்டினாலே அந்த போனஸ் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களிடம் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது தள்ளுபடி எங்கே எழுதப்படுகிறது என்பதைப் பார்ப்போம். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ஜிஎஸ்டி சட்டப்படி, இன்வாய்ஸிலேயே காட்டுகிற தள்ளுபடிக்கு வரி கிடையாது. டீலர் அடக்க விலையில் ஒரு லட்சம் குறைத்தால், அதற்கான 40,000 வரியும் சேர்ந்து குறையும். உங்களுக்கு 1.40 லட்சம் மிச்சம். திருப்பிச் சொன்னால், இன்வாய்ஸில் உங்களுக்கு 3 லட்சம் குறைக்க அவருக்கு ஆகும் செலவு சுமார் 2.14 லட்சம்தான். முழு விலைக்கு இன்வாய்ஸ் போட்டுவிட்டு, பின்னால் கேஷ்பேக், கிஃப்ட் வவுச்சர், இலவச ஆக்சஸரீஸ் என்று தந்தால் இந்த வரிப் பலன் யாருக்கும் கிடைக்காமல் போகிறது. அதனால் "தள்ளுபடி முழுவதும் இன்வாய்ஸில் வர வேண்டும்" என்று கேளுங்கள். இரு பக்கத்துக்கும் லாபமான கோரிக்கை இது, மேனேஜருக்கு மறுக்கக் காரணம் குறைவு. ஆயுள் வரியை இன்வாய்ஸ் தொகைக்குப் போடுகிறார்களா, பட்டியல் விலைக்குப் போடுகிறார்களா என்பதையும் அதே கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். வித்தியாசத்தைக் கையில் ரொக்கமாகத் தருகிறேன், வாங்குகிறேன் என்ற பேச்சு வந்தால் ஒதுங்கிவிடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

சரி, உண்மையான தள்ளுபடி எவ்வளவு இருக்கலாம்? இங்கே நிச்சயமானது எது, என் அனுபவம் மட்டும் சொல்வது எது என்று பிரித்துச் சொல்கிறேன். நிச்சயமானது: எந்த நிறுவனம், வண்டி எப்போது தயாரானது, அந்த மாடலுக்குக் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறதா என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. நீங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. மெர்சிடிஸ் பென்ஸ் என்றால் கதை வேறு. 2021 அக்டோபரிலிருந்து அவர்கள் இந்தியாவில் வண்டிகளைத் தாங்களே நேரடியாக விற்கிறார்கள். ஸ்டாக் நிறுவனத்துடையது, இன்வாய்ஸ் நிறுவனத்துடையது, நாடு முழுக்க ஒரே எக்ஸ் ஷோரூம் விலை. டீலர் வண்டியைக் காட்டுவார், டெலிவரி கொடுப்பார், சர்வீஸ் பார்ப்பார். வண்டி விலையைக் குறைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அங்கே நிறுவனமே அறிவிக்கிற சலுகை, இன்சூரன்ஸ், பழைய வண்டி விலை, சர்வீஸ் பேக்கேஜ் இவற்றில்தான் பேச முடியும். டீலர் தன் ஸ்டாக்கைத் தானே வாங்கி விற்கிற நிறுவனங்களில், கோவை, சென்னை, கொச்சி, பெங்களூரு டீலர்களுக்குள் வித்தியாசம் வரும்.

என் அனுபவம் சொல்வது: புதிதாக வந்து புக்கிங் குவிந்திருக்கிற மாடலுக்குத் தள்ளுபடி இல்லாமலே விற்பார்கள். வந்து ஓராண்டு தாண்டி, ஸ்டாக் நிற்கிற மாடலுக்கு 3 முதல் 5 சதவீதம் பேச முடிகிறது. போன வருடம் தயாரான வண்டி, அல்லது அடுத்த தலைமுறை மாடல் வரப்போகிறது என்று ஊருக்கே தெரிந்த வண்டி என்றால் 10 சதவீதத்தை ஒட்டிப் போனதையும் பார்த்திருக்கிறேன். இவற்றை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனங்களின் சலுகை மாதா மாதம் மாறும், சில சமயம் மாத நடுவிலும் மாறும்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் தயாரிப்பு மாதமும் ஆண்டும். வாய்மொழியில் "புது ஸ்டாக் சார்" என்பதை ஏற்காதீர்கள். எந்த வண்டியை உங்களுக்கு ஒதுக்குகிறார்களோ அதன் சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். பதிவுக்குப் போகிற படிவம் 21இல், அதாவது விற்பனைச் சான்றிதழில், அந்த மாதமும் ஆண்டும் இருக்கும். கடைசியில் ஆர்சியிலும் அதுதான் ஏறும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்களுக்கு ஒதுக்கிய வண்டி இந்த ஆண்டு தயாரானது, இன்வாய்ஸில் 3 லட்சம் முழுதாகக் கழிகிறது, மேலே சொன்ன 2.10 லட்சச் சுமையும் போய்விட்டது என்றால், 70 லட்சத்துக்கு அது நான்கு சதவீதத்துக்கு மேல். நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். போன ஆண்டு தயாரானது என்றால் 3 லட்சம் போதாது, குறைந்தது அதன் இரு மடங்கு கேளுங்கள். எட்டு, பத்து ஆண்டு வைத்து ஓட்டப் போகிறவருக்கு அந்தப் பழைய ஸ்டாக் வண்டி நல்ல வாய்ப்பு. மூன்று ஆண்டில் மாற்றுகிறவருக்கு அது மறுவிற்பனையில் அடி.

ஆவணியில் எடுப்பது என்ற முடிவு நல்ல முடிவு, ஆனால் பேச்சை ஆவணிக்குத் தள்ளாதீர்கள். நம் ஊரில் ஆடியில் டெலிவரி குறைவு. ஷோரூமுக்கோ மாத இலக்கு ஆடி என்று பார்த்துக் குறைவதில்லை. இப்போதே விலை பேசி, புக்கிங் தொகை கட்டி, "ஆவணி முதல் வாரத்தில் டெலிவரி, இதே விலை" என்று எழுதி வாங்குங்கள். அந்த எழுத்து அவசியம். பொதுவாக இன்வாய்ஸ் தேதியில் நடப்பில் இருக்கிற விலையும் சலுகையும்தான் செல்லும் என்று புக்கிங் படிவத்தின் சின்ன எழுத்தில் இருக்கும். இலக்கை எட்ட இன்வாய்ஸை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட்டு டெலிவரியைத் தள்ளி வைக்கலாமா என்று அவர்களே கேட்கவும் கூடும். அப்படியென்றால் சலுகையைக் கூட்டிக் கேட்க அதுவே தருணம், ஆனால் வண்டியை நேரில் பார்த்த பிறகு மட்டுமே சம்மதியுங்கள். டிசம்பரும் இதே மாதிரிதான். ஆண்டுக் கடைசி ஸ்டாக்கைத் தள்ளுகிற அவசரமும், மார்கழியில் வண்டி எடுக்கத் தயங்குகிற நம் வழக்கமும் ஒரே நேரத்தில் வருகின்றன. உங்களுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

கடன் வாங்குவதாக இருந்தால், மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்று ஷோரூமில் சொல்லாதீர்கள். சொன்ன நிமிடத்தில் பேச்சு முழுக்க தவணையைச் சுற்றி நகர்ந்துவிடும், வண்டி விலை மறைந்துவிடும். 50 லட்சம் கடனுக்கு 5 ஆண்டுக்கு 9 சதவீதம் என்றால் தவணை ஏறத்தாழ 1,03,800. 8 சதவீதம் என்றால் 1,01,400. மாதத்துக்கு 2,400தானே என்று தோன்றும், மொத்தத்தில் அது 1.45 லட்சம். நிறுவனத்தின் சொந்த நிதிப் பிரிவு குறைந்த வட்டி தருகிறபோது, பல சமயம் அதற்கு ஈடாக ரொக்கத் தள்ளுபடி குறைகிறது. "எங்கள் கடன் எடுத்தால் விலை எவ்வளவு, எடுக்காவிட்டால் எவ்வளவு" என்று இரண்டு கொட்டேஷன் கேளுங்கள். கையில் வேறு வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் பேச்சு இன்னும் சுலபமாகும்.

இன்சூரன்ஸில் ஒரு எச்சரிக்கை. விலை குறைக்கிறேன் என்று ஆட்-ஆன்களை வெட்டிவிடாதீர்கள். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் உரிமை, ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இந்த வகை வண்டிக்கு ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது), என்ஜின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுதாகப் போனால் இன்வாய்ஸ் விலையைத் தருவது) மூன்றும் வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால் சாதாரண பாலிசி கைகொடுக்காது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் இதைப் பலர் அனுபவித்தார்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஏன் என்றால், புது வண்டிக்கே பாலிசி மதிப்பு எக்ஸ் ஷோரூம் விலையில் 95 சதவீதம்தான், அதில் நீங்கள் கட்டிய 14 லட்சம் ஆயுள் வரி சேராது. வண்டி திருடு போனாலோ முழுதாகச் சேதமானாலோ அந்தத் தொகை போனது போனதுதான். சாலை வரியையும் ஈடுகட்டுகிறதா என்று பாலிசி வாசகத்தைப் படித்துப் பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

பேசும் முறைக்கு வருகிறேன். மூன்று டீலர்களுக்கு ஒரே மெயில் அனுப்புங்கள்: மாடல், வேரியன்ட், நிறம், ஆப்ஷன்கள், இந்த ஆண்டுத் தயாரிப்பு, கோவைப் பதிவு, இனவாரியாகப் பிரித்த கொட்டேஷன். எதிர்பார்க்கிற டெலிவரி தேதியையும் சொல்லுங்கள். மெயிலில் வருகிற பதில்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால், யார் எதைக் கொடுத்து எதை எடுக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பிறகு கோவை ஷோரூமுக்கே நேரில் போய், மேனேஜரிடம் உட்காருங்கள். சர்வீஸுக்கு நீங்கள் போகப் போவது அங்கேதான், பத்து இருபதாயிரம் வித்தியாசத்துக்காக வெளியூர் டீலரிடம் போக வேண்டாம் என்பது என் கருத்து. "இந்தத் தொகைக்கு முடித்துத் தந்தால் இன்றே புக்கிங் போடுகிறேன்" என்று வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஒரே ஒரு ஆன்ரோடு எண்ணைச் சொல்லுங்கள். விலையில் நகர முடியாது என்று சொன்னால், நீட்டித்த வாரன்டியையும் சர்வீஸ் பேக்கேஜையும் கேளுங்கள். இந்த வண்டிகளுக்கு வாரன்டி முடிந்தபின் வருகிற ஒரு கியர்பாக்ஸ் வேலையோ ஏர் சஸ்பென்ஷன் வேலையோ லட்சங்களில் நிற்கும், அதனால் அவை வெறும் அலங்காரச் சலுகைகள் அல்ல. சேல்ஸ் எக்சிகியூட்டிவிடம் கடுமை காட்டாதீர்கள். விலையை முடிவு செய்வது அவர் அல்ல, டெலிவரி நாளில் உங்களுக்காக ஓடப் போகிறவர் அவர்.

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன், பதிவுக்கு அனுப்புவதற்கு முன், ஒதுக்கிய வண்டியை யார்டில் போய்ப் பாருங்கள். சேஸிஸ் எண் கொட்டேஷனோடு பொருந்துகிறதா, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது, டயர்களின் தயாரிப்பு வாரம் என்ன, பெயின்டில் தொட்டு வேலை செய்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகிவிட்டால் அதற்குப் பிறகு பேச உங்களிடம் பலம் இருக்காது. புக்கிங்கை ரத்து செய்தால் பணம் எத்தனை நாளில், எவ்வளவு திரும்பும் என்பதையும் கட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திருத்திய கொட்டேஷன் வந்ததும் நிறுவனத்தின் பெயரையும் தயாரிப்பு மாதத்தையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். வெளி இன்சூரன்ஸ் விலையும் பழைய கார் விலையும் கிடைத்திருந்தால் அவற்றையும் போடுங்கள். கையெழுத்துப் போடலாமா, இன்னொரு சுற்று பேசலாமா என்று அப்போது திட்டமாகச் சொல்ல முடியும்.